ஒழுக்குப் பார்க்கப் போனவர்

ஓட்டமாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அசனாரின் குடை காற்றில் தலைகீழாக மடங்கிவிட்டது. சாறனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளம் நின்ற வயல் வரம்பில் தடுமாறி நடந்தார்.

சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இந்தத் தலையெழுத்துத் தேவையா? தேவைதான். மகன் மின்ஹாஜுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் சீதன வீடு இந்த ஊரில்தான் இருக்கிறது. மகன் காலம் முழுக்கக் குடியிருக்கப்போகிற வீடு. இப்போதைக்கு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள், காலைச் சாப்பாடும் உண்டு.

யோசனை கல்யாணப் புறோக்கருடையது. "மழ நாளாப் பாத்து, ஆரெண்டு சொல்லாமப் போய்த் தங்குங்க ஹாஜியார். அப்பதான் வீட்டுட வண்டவாளம் தெரியும்."

பெண்ணின் தகப்பன் சாலிஹ் தலை துடைக்கத் துவாயோடு ஓடி வந்தார்.

"என்ன தொழில் செய்யிறீங்க?"

"புடவ வியாபாரம்," என்று புளுகினார் அசனார். காத்தான்குடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடாதா?

அறைக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்தார். மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. கட்டிலை நகர்த்தினார். காதில் விழுந்தது.

"கூர ஒழுகுதே!"

"ஓம், கொஞ்சம். பழகிரும்," என்றார் சாலிஹ் சாவதானமாக.

பழகிருமா? என் பிள்ளைக்கா? அசனாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கக் குடைக்கம்பால் சீலிங்கைக் குத்தினார். சீலிங் பலகை, தண்ணீர், எலிக்கூடு எல்லாம் சேர்ந்து அவர் தலையிலேயே இறங்கின.

"என்ட பிழதான். நானே சரியாக்கித் தாறன்."

"உங்களுக்கேன் கரச்சல்?" என்றார் சாலிஹ். ஆனால் ஏணி ஏற்கெனவே சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் புது ஓடுகளும் அடுக்கப்பட்டிருந்தன.

மழை சற்று விட்டதும் அசனார் ஏறினார். உடைந்த ஓட்டை மாற்றப்போய் நல்ல ஓடுகளையும் மிதித்து உடைத்தார். அவற்றை மாற்றினால் ஓடு தாங்கும் சலாகை உக்கியிருந்தது. சலாகையை மாற்றுவதென்றால் அந்தப் பக்கம் முழுவதையும் பிரிக்கவேண்டும். பிரித்தார்.

"புடவக்காரருக்குக் கூர வேல நல்லாக் கைவந்திருக்கு!" என்று கீழே நின்று வியந்தார் சாலிஹ்.

பின்னேரம் மறுபடி மழை கொட்டியது. ஒரு சொட்டுக்கூட உள்ளே விழவில்லை. முதுகு முறிந்துபோனாலும் அசனாருக்கு மனம் குளிர்ந்தது. இனி என் பிள்ளை நனையமாட்டான். நாளைக்கே சம்மதம் சொல்லிவிட வேண்டியதுதான்.

அப்போது குசினியிலிருந்து சாலிஹின் மனைவி சத்தம் போட்டார்:

"இஞ்ச கேட்டீங்களா, புறோக்கர் போன் கோல்ல நிக்கிறார்! கூர முடிஞ்சிட்டெண்டா அடுத்த மாப்பிள்ளைட வாப்பாவ அனுப்பவா எண்டு கேக்கிறார், அவருக்கு கரண்ட் வேல தெரியுமாம்!"