ரிமோட் இருக்கும் கை

பெண்டாட்டியிடம் இனிமேல் பொய் சொல்வதில்லை என்று முடிச்சு அன்று காலையில் தீர்மானம் செய்துகொண்டார். சொன்னால் பிடிபடுகிறது. ஆகவே அந்த வேலையை டிவியிடம் ஒப்படைத்துவிட்டார்.

முடிச்சு என்பது தொலைபேசிக் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர். வீட்டு ஃபோன், கைபேசி, இணையம் வழியாக வரும் டிவி என்று ஆளுக்கொரு பக்கம் திரிந்த மூன்றையும் பிடித்து ஒரே இணைப்பில் முடிச்சுப் போடுகிற இன்ஜினீயர் அவர். புதுப் பெட்டியை ஊருக்குக் கொடுக்குமுன் இன்ஜினீயர்கள் தங்கள் வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். அப்படி ஒன்று அவர் கூடத்திலும் உட்கார்ந்திருந்தது. கைபேசிக்கு யாராவது கூப்பிட்டால் கூப்பிடுகிறவர் பெயர் டிவித் திரையில் கொட்டை எழுத்தில் வரும். கைபேசியிலும் எடுக்கலாம், ரிமோட்டில் பச்சைப் பொத்தானை அமுக்கி டிவியிலும் பேசலாம்.

முடிச்சின் மனைவி, புருஷன் வாயிலிருந்து வருகிற எதையும் நம்பியதில்லை. மழை பெய்கிறது என்று அவர் சொட்டச் சொட்ட நின்று சொன்னாலும் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்வார். டிவியில் சொன்னால் மட்டும் ஜன்னல் பக்கம் போகாமலே குடையை எடுப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வீடு மாற்றுகிறார். வீடு மாற்றுவதில் தப்பில்லை. அவரிடம் ஓர் இரும்பு பீரோ இருந்ததுதான் தப்பு. அதைச் செய்தவன், செய்து முடித்த பிறகு நகர்த்த முடியாமல், பட்டறையைப் பெயர்த்துக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டானாம். அந்த பீரோ மூன்றாம் மாடி ஏற வேண்டும். முடிச்சுக்கோ எதிர்வீட்டுப் பல் டாக்டரோடு கேரம் ஆட வேண்டும். சாயங்காலம் இடுப்பு என்று ஒன்று மிச்சம் இருக்கவும் வேண்டும்.

முந்தின நாளே டாக்டரைப் பிடித்தார்.

"டாக்டர், நாளைக்கு நீங்கதான் எங்க மேலாளர். என் கைபேசியில உங்க நம்பருக்கு அந்தப் பேரைப் போட்டுட்டேன். டிவியிலயும் அதுதான் வரும். காலையில கூப்பிடுங்க, நான் உள்ளேயிருந்து எடுத்து ‘இதோ வந்துட்டேன் சார்’னு கிளம்பிடறேன்."

"எனக்கு நடிப்பு வராதேப்பா."

"தினமும் ‘வலிக்கவே வலிக்காது’ன்னு சொல்றீங்களே, அதைவிடவா?"

டாக்டர் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு காலை. கூடத்தில் முடிச்சின் மனைவியும், பேச்சுத் துணைக்கு வந்த பல் டாக்டரின் மனைவியும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் கடைக்குப் போயிருப்பதாக இரண்டு ஆண்களும் நினைத்திருந்தார்கள். உள்ளறையில் முடிச்சு கைபேசியும் கையுமாகக் காத்திருந்தார். திரையில் விழுந்தது எழுத்து: மேலாளர் அழைக்கிறார்.

முடிச்சு கைபேசியை எடுப்பதற்குள் மனைவி பச்சையை அமுக்கிவிட்டார்.

பொத்தானை முதலில் அமுக்குகிறவருக்கே அழைப்பு என்று விதி எழுதியவர் முடிச்சேதான். ஆபீசில் நூறு தடவை சோதித்தார். நூறு தடவையும் அழைப்பு அவருக்கே வந்தது. ஆபீசில் ரிமோட் அவர் கையில் இருந்தது. வீட்டில் அது கல்யாணமான நாளிலிருந்து யார் கையில் இருக்கிறது என்பதைச் சோதனையில் சேர்க்க மறந்துவிட்டார்.

"முடிச்சு! உடனே கிளம்பி வாய்யா! ஊர் பூரா டிவி நின்னு போச்சு!" என்று டிவி அலறியது.

"வணக்கம் சார். அவர் சம்சாரம் பேசறேன். எங்க வீட்ல ஓடுதே?"



"அது... உங்க வீட்ல மட்டும்தாம்மா ஓடுது. அதுதான் கோளாறே."

"அடப்பாவமே! அப்ப இதை நிறுத்திட்டா சரியாயிடுமா சார்?"

"அப்படிச் சட்டுனு பிடுங்கிட முடியாதும்மா. ஆட்டிப் பார்க்கணும். வேர் வரைக்கும் சொத்தை."

மனைவியின் நாக்கு, போன மாதம் எதிர்வீட்டு டாக்டர் பிடுங்கிக் காலியான கடைவாய் இடத்தைத் தானாகத் தடவியது. பக்கத்தில் இருந்த டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவர் முதல் அலறலிலேயே இடுப்பில் கை வைத்துவிட்டிருந்தார்.

"புரியுது சார். அவரை அனுப்பிடறேன். ஆனா எங்க அண்ணன் பீரோவுக்கு ஆள் குறையுமே. எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கேக்கட்டுமா?"

"ஐயோ, அவருக்கு முதுகு வலிம்மா!"

"அவரை உங்களுக்குத் தெரியுமா சார்?"

டிவி இரண்டு தடவை இருமியது.

"முதுகு வலியான்னு அவர் சம்சாரத்தையே கேட்டுடலாம். பக்கத்துலதான் இருக்காங்க. பேசுங்கக்கா."

"ஏங்க," என்றார் எதிர்வீட்டு அம்மாள், டிவியைப் பார்த்து. "சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே வாங்க."

மனைவி திட்டியிருந்தால் முடிச்சுக்குத் தேவலையாக இருந்திருக்கும். உள்ளறை வாசலில் வந்து நின்று, குரலில் தேனைத் தடவி, "ஆபீஸ் கோளாறு சரியாயிடுச்சாம். கிளம்புங்க. போறப்ப மேலாளரையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பீரோ படியேறியது. டாக்டர் மேலேயிருந்து இழுத்தார். இழுப்பது அவர் தொழில். முடிச்சு கீழேயிருந்து தாங்கினார்; தாங்குவது அவர் தலையெழுத்து. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. இரண்டு கையும் பீரோவுக்கு அடியில். அடித்தது தானாக நின்றது. வீட்டில் யாரோ பச்சையை அமுக்கிவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்தது.

சற்று நேரத்தில் மறுபடி அடித்தது. மைத்துனர் அதை எடுத்து அவர் காதில் வைத்தார்.

"என்னங்க, இப்பதான் உங்க மேலாளர் கூப்பிட்டார். நிஜ மேலாளர். டிவியிலேயே பேசிட்டேன்."

முடிச்சின் முகத்தில் விளக்கு எரிந்தது. நிஜக் கோளாறு! நிஜ விடுதலை!

"ஆபீசுக்கு வரச் சொன்னாரா? இதோ, இப்பவே பீரோவை விட்டுட்டு..."

"விட்டுடாதீங்க, கீழே நீங்கதான் இருக்கீங்க. எங்கேன்னு கேட்டார். மச்சான் பீரோவை மாடியேத்திட்டிருக்கார்னு சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்."

"அவருக்கு என்னம்மா சந்தோஷம்?"

"அடுத்த ஞாயிறு அவரும் வீடு மாத்தறாராம். நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டேன்."