வாசலுக்கு நேரே கிடந்த கட்டில்

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீ சுகமா என்று இந்த இடத்தில் கேட்பதுதான் முறை. கேட்டால் நான் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாய், அதனால் கேட்கவில்லை. போன் செய்யலாமே என்பாய். போனில் பேசினால் பாதியில் கத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். காகிதத்தில் கத்தினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இது சந்தேகம் கேட்டு எழுதும் கடிதம், அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்கு முன் நீ இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றாய். என்ன வேலை என்றேன். "ஆட்டத்துக்குள்ள ஆளு எந்த இடத்துல வந்து நிக்கணும், செத்தா எங்க திரும்பி வரணும்னு முடிவு பண்ற வேலை, அக்கா" என்றாய். இருபத்தாறு வருஷமாக வார்டில் இன்சார்ஜ் நர்ஸாக இருப்பவளிடம் சொல்கிற பேச்சா அது? "செத்தவன எங்க எழுப்பறதுன்னு உக்காந்து யோசிக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று கேட்டேன். நீ தட்டில் பாதியை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். அதற்கு வருத்தப்பட்டு இதை எழுதுகிறேன் என்று எண்ணாதே. நீ இருந்த அறையை அன்றைக்கே ஒழித்து, கட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் உன் அத்தானும் கம்ப்யூட்டரில் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்குள் ஒரு வீடு கட்டினீர்களே, போன செவ்வாய்க்கிழமை நான் டூட்டி முடிந்து வந்தபோது அது திரையில் திறந்து கிடந்தது. அத்தான் குளிக்கப் போயிருந்தார். சும்மா பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். வீடு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே இரண்டு கட்டில், அதில் ஒன்று வாசலுக்கு நேரே வழியை மறித்துக்கொண்டு! ஆளில்லாத கட்டில் வாசலை மறித்தால் ஸ்ட்ரெச்சர் எப்படி உள்ளே வரும்? டிஸ்சார்ஜ் ஆன கட்டிலைப் பத்து நிமிஷத்தில் ஒழித்துவிடுவது என் கை வழக்கம், உனக்கே தெரியும். தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. கோடாலியால் ஒரு போடு போட்டேன், பெயர்ந்து கைக்கு வந்தது. ஜன்னல் ஓரமாகப் போட்டுவிட்டு, அப்பாடா என்று நிமிர்ந்தால் உன் அத்தான் தலையில் துண்டோடு நிற்கிறார்.

"மச்சானோட கட்டில யாரு எடுத்தது?"

"நான்தான். இப்ப எவ்வளவு காத்தோட்டமா இருக்கு பாருங்க."

மனுஷர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் விளக்கம் வந்தது. செத்தாலும், ரொம்ப நாள் கழித்து ஆட வந்தாலும், ஆள் எந்தக் கட்டிலில் கடைசியாகப் படுத்தானோ அங்கேதான் திரும்பி வருவானாம். கட்டிலைப் பெயர்த்தால் அந்த ஞாபகம் போய்விடுமாம். வேறு இடத்தில் போட்டாலும் அவனே வந்து படுத்து எழுந்தால்தான் செல்லுமாம். இல்லாவிட்டால் முதன்முதலில் வந்து விழுந்த கடற்கரையில், கையில் ஒன்றுமில்லாமல், ஓநாய்களுக்கு நடுவே நிற்பானாம். "இனிமே மச்சான் வந்தா நம்ம வீட்டுக்கு வழி தெரியாதுடி" என்று சொல்லிவிட்டு அத்தான் சாப்பிடாமல் படுத்துவிட்டார். டிரைவிங் ஸ்கூலில் எத்தனை பேர் அவரைச் சுவரில் கொண்டுபோய் மோதியிருக்கிறார்கள், ஒரு நாளும் சாப்பாட்டை விட்டவரில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. அதைவிட, ஒரு கேள்வி மண்டையைக் குடைய ஆரம்பித்தது: செத்ததற்கும் திரும்பி வருவதற்கும் நடுவில் ஆள் எங்கே இருக்கிறான்? மறுநாள் அத்தானுடைய ஆளைக் கூரைமேல் ஏற்றிக் குதிக்க வைத்தேன். சட்டையில் குத்தியிருக்கும் டூட்டி கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: சரியாக ஐந்து வினாடி. மொத்தம் பதினாலு தடவை குதித்தேன், ஒவ்வொரு தடவையும் அதே ஐந்து. அந்த ஐந்து வினாடிக்குள் திரை சிவந்து கிடக்கிறது, நாடி பார்க்கவும் கை இல்லை. பிறகு பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கட்டில் பக்கத்தில் நிற்கிறான். வலி இல்லை, யார்மேலும் கோபம் இல்லை, கையில் மட்டும் எதுவும் இல்லை. வைத்திருந்ததெல்லாம் விழுந்த இடத்திலேயே சிதறிவிடுமாம். இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. விழுந்த இடத்தில் அடுப்புக்குழி இருந்தது. அத்தான் ஒரு வருஷமாகச் சேர்த்த இரும்புக் கவசம் அதில் போயிற்று. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அதோடு விட்டேனா? அந்தக் கடற்கரை எப்படித்தான் இருக்கிறது, பார்த்துவிடுவோம் என்று அத்தான் கட்டிலையும் பெயர்த்துவிட்டுக் குதித்தேன். தம்பி, நான் ஓநாயை எதிர்பார்த்தேன். அங்கே வெயில், மணல், ஒரு சின்ன மரம். முகம் தண்ணீரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்து இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு எதுவும் கிட்டே வரவில்லை. புதுசாக அட்மிட் ஆகிறவரிடம் நானும் அதைத்தானே செய்கிறேன்? முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், முகத்துக்கு நேரே ஜன்னல், கேள்வியெல்லாம் அப்புறம். வந்தவன் மிரளாமல் இருக்க யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. நீ உன் ஆட்டத்தில் ஆளை எந்தப் பக்கம் பார்க்க நிறுத்துவாய்? எத்தனை வினாடி யாரும் தொடாமல் விடுவாய்? திரும்பி வருகிறவனுக்குப் பழைய கோபம் இருக்கக் கூடாது என்று நீங்களே முடிவு செய்கிறீர்களா, அது தானாகவே போய்விடுகிறதா? இதுதான் நான் கேட்க வந்த சந்தேகம்.

அங்கிருந்து வீடு திரும்ப எனக்கு நாலு சாயங்காலம் ஆயிற்று. அத்தான் பின்னால் உட்கார்ந்து "இடது பாத்துத் திரும்பு, அவசரப்படாத" என்று, காலால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். கரையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் இருபது அடிக்கு ஒரு விளக்கு நட்டிருக்கிறேன். யாருக்காகவும் இல்லை. வழியில் இருட்டு, எனக்குப் பிடிக்கவில்லை.

நீ இதைப் படித்து உருகி இங்கே ஓடி வர வேண்டாம். பதில் மட்டும் போடு. வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, கண்ணுக்கு ஓய்வு கொடு. நூறு வயசு இரு.

இன்னும் கோபம் தீராத
அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அத்தான் கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் விளக்கு வரிசையில் ஒரு ஆள் வெறுங்கையோடு நடந்து வருகிறான். தலைக்கு மேலே "குண்டூசி" என்று நான் உனக்கு வைத்த பெயர். நேரே வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றாய். "கதவத் தொறடி!" என்றார் அத்தான். அவசரத்தில் கதவுக்குப் பதிலாகக் கோடாலிப் பொத்தானை அழுத்திவிட்டேன். நீ பொத்தென்று விழுந்து காணாமல் போனாய். ஐயோ என்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். ஐந்து வினாடி என்று எண்ணி வைத்தவளுக்கு அந்த ஐந்து வினாடி போகவே இல்லை. அப்புறம் பார்த்தால், முதல் விளக்கிலிருந்து மறுபடியும் நடந்து வந்துகொண்டிருக்கிறாய்.

எட்டு மாதத்துக்கு முன் வார்த்தையால் அடித்ததும் தப்புதான்டா. மேலே எழுதியதில் பரண் என்பது பொய். அறையில் உன் கட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது. பத்து நிமிஷத்தில் ஒழிக்கிற கை, எட்டு மாதமாக அதன் விரிப்பைக்கூட எடுக்கவில்லை. நீயே வந்து ஒரு தடவை படுத்து எழுந்தால்தான் செல்லுமாம், அத்தான் சொல்கிறார்.