ஃபாஸில் காத்த போத்தல்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். திகனையில் எங்கள் வீதியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் உப்பு முதல் பொய், பல்லி இரண்டாவது பொய் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

நோன்பு காலம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த ஃபாஸில் நேரே போய் பிரிட்ஜைத் திறந்தான். காலையிலிருந்து அதைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் அவனுக்கு வேலை. கதவுத் தட்டில் போத்தல் இல்லை.

"மாமி! இங்க ஈந்த போத்தல் எங்க?"

"தேங்காப்பாலா? கஞ்சிக்கு ஊத்திட்டனே," என்றார் மாமி, அகப்பையை நிறுத்தாமல்.

ஃபாஸில் குனிந்து உள்ளே பார்த்தான். தேங்காய்ப்பால் போத்தல் பின்பக்கத்தில் நிம்மதியாக நின்றது. அப்படியென்றால் கஞ்சிக்குள் போனது பர்ஹானாவின் போத்தல்.

பர்ஹானா அவன் மனைவி, மாமியின் மகள். பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் மூன்று வருடமாக லிப்போசோம் செய்கிறாள். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகள், அவற்றுக்குள் மருந்து. இரத்தத்தில் விட்டால் மருந்தைச் சிந்தாமல் ஈரலின் உயிர்க் கலங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் வெறும் பால் மாதிரித்தான் இருக்கும். மறுநாள் காலை கொழும்பிலிருந்து வரும் பேராசிரியர் முன்னால், கண்ணாடித் தட்டில் வளர்த்த ஈரல் கலங்களில் அதைச் சோதித்துக் காட்டவேண்டும். சரிவந்தால் கலாநிதிப் பட்டம். சரிவராவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

ஆய்வுகூடத்துப் பிரிட்ஜ் பழுதாகிவிட்டதால் போத்தல் வீட்டுக்கு வந்தது. அதற்கு முந்தைய போத்தலும் ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தது. இன்னும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஃபாஸில் அதை ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவைத்தான். உறைந்ததில் குமிழிகள் எல்லாம் உடைந்துபோயின. பர்ஹானா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு தேநீர்க் கோப்பைகள் வைக்கும் சத்தம் மட்டும் பல நாள் கேட்டது.

அதனால்தான் இன்று காலை அவள், "நீங்கதான் காவல்," என்று சொன்னபோது அவனுக்கு நெஞ்சு விரிந்தது.

"ஈரலுக்குப் போயிட்டா வேல முடிஞ்சிதானே?" என்று கேட்டான்.

"எங்க முடியிற? ஈரல்லயே காவல்காரக் கலங்கள் ஈக்கி. வாற எல்லாத்தயும் புடிச்சி முழுங்கிடும். நல்ல எண்ணத்துலதான்."

"அப்ப?"

"மொதல்ல மருந்தில்லாத வெறும் குமிழிகள அனுப்புவம். காவல்காரர் அதோடயே மெனக்கெட்டுக்கிட்டு ஈப்பாங்க. அந்த நேரம் பாத்து மருந்துக் குமிழி பக்கத்தால போயிடும்."

"காவல்காரனுக்கு மூள இல்லயா?" என்று ஃபாஸில் விழுந்து விழுந்து சிரித்தான்.

பர்ஹானா சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

காவல் தொடங்கியது. பின்பக்கம் குளிர் கூடுதல், உறைந்துவிடும் என்று போத்தலைக் கதவுப் பக்கம் மாற்றினான். இடம் போதாததால் தேங்காய்ப்பாலைப் பின்னுக்கு அனுப்பினான். போத்தல் வேர்த்ததால் துடைத்தான். துடைத்ததில் பர்ஹானா எழுதியிருந்த பெயர் அழிந்தது. மாமியோ கதவுத் தட்டில் கைவைத்தால் தேங்காய்ப்பால் வரும் என்று இத்தனை காலம் நம்பி வாழ்பவர்.

"மாமி, கஞ்சிய யாருக்கும் குடுக்கல்லயே?"

"குடுத்தாச்சி. ஹாஜியாருக்கு ஒரு சட்டி, லூக்காசுக்கு ஒரு சட்டி."

பர்ஹானாவின் போன் வேலை செய்யவில்லை. ஆய்வுகூடத்துக்குள் போனால் அதை அணைத்துவிடுவாள். ஃபாஸில் செருப்பை மாட்டிக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குக் கிளம்பினான். வேறு மருந்து என்றால் வயிற்றில் எங்காவது வழி தவறிப் போகலாம். இது ஈரலைத் தேடிப் போகப் பழக்கப்பட்ட மருந்து. ஹாஜியாரின் ஈரலை அது எப்படித் தவறவிடும்?

பக்கத்து வீட்டு மஹ்மூத் ஹாஜியார் விறாந்தையில் சாய்வுக் கதிரையில் இருந்தார், கஞ்சித் தூக்குச்சட்டி பக்கத்தில்.

"ஹாஜி, அந்தக் கஞ்சியத் திருப்பித் தாங்க. உப்புக் கூடிட்டு."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். "கூடினது ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஃபாஸில் வீதியில் போன மோட்டார் சைக்கிளை எட்டிப் பார்த்தான்.

"நோம்பு இல்லயா மகன்?"

"அல்லாஹ்வே! நான் நோம்பு ஹாஜி. மாமிதான் சென்ன."

"அப்ப மாமிதான் நோம்பு இல்லயா? நல்ல சொகமா ஈந்துக்கிட்டு?"

"இல்ல இல்ல. உப்பு இல்ல, பல்லி. பல்லி விழுந்திட்டு."

"உப்பா, பல்லியா?"

"ரெண்டும்."

ஹாஜியார் நிதானமாகப் போனை எடுத்து மாமிக்கு அடித்தார். "தங்கச்சி, ஒங்கட கஞ்சியில பல்லியாமே? நோம்பயும் உட்டுட்டீங்களாமே?"

மறுமுனையில் வந்த சத்தத்துக்குப் போன் தேவைப்படவில்லை. ஃபாஸில் தூக்குச்சட்டியைப் பறித்துக்கொண்டு லூக்காஸ் வீட்டுக்கு ஓடினான். மாமி அகப்பையோடு வீதியில் இறங்கினார்.

"எண்ட சட்டியில பல்லியா? நில்லுங்க மருமகன்!"

"மெதுவா தங்கச்சி, நோம்பு இல்லாட்டியும் ஓடப்படாது," என்று பின்னால் ஹாஜியார் வந்தார்.

லூக்காஸ் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். முற்றத்துக் குழாயில் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. இன்னைக்குக் கஞ்சி நல்லா கெட்டியா இருந்திச்சு."

"குடிச்சிட்டீங்களா அங்கிள்?"

"எனக்கென்ன நோன்பா? சூட்டோடயே குடிச்சிட்டேன்."

ஃபாஸில் படியில் உட்கார்ந்துவிட்டான். "அங்கிள், ஒங்கட ஈரல் எப்படி?"

"கல்யாணத்துக்கு முந்தி கொஞ்சம் மோசம். டொரதி வந்தாப்பறம் பரவால்ல."

ஃபாஸில் எல்லாவற்றையும் சொன்னான். துடைத்ததை, மாற்றியதை, அழிந்த பெயரை. சொல்லி முடித்தபோது மாமியின் அகப்பை மெல்லக் கீழே இறங்கியது.

"எண்ட புள்ளட மூணு வருசத்தயா நான் கஞ்சியில ஊத்தின?"

திறந்திருந்த குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஃபாஸில் அழுதுவிடுவான் போலிருந்தது. பர்ஹானா வீடு வருவாள், பிரிட்ஜைத் திறப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். ஒன்றும் சொல்லாத அந்த முகத்தைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

லூக்காஸ் குழாயை மூடினார். உள்ளே போய்த் தம்முடைய பிரிட்ஜைத் திறந்து ஒரு போத்தலோடு வந்தார். அதில் பர்ஹானாவின் எழுத்து அழியாமல் இருந்தது.

"காலையில பஸ்ஸுக்குப் போறப்ப பர்ஹானா புள்ள இத இங்க குடுத்திட்டுப் போச்சு. மருந்து இதுலதான் இருக்காம். வீட்டுல வச்சது வெறும் சோயாக் கொழுப்பாம், யாரு குடிச்சாலும் ஒண்ணும் செய்யாதாம்." அவர் தலையைச் சொறிந்தார். "'காவல்காரர் அதோடயே மெனக்கெட்டுக்கிட்டு இருக்கட்டும் அங்கிள், இது பக்கத்தால போயிடும்'னு சொல்லிச்சு. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல தம்பி."

மறுநாள் ஈரல் கலங்கள் நுணுக்குக்காட்டியின் கீழ் மருந்து போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றாகப் பச்சையாய் ஒளிர்ந்தனவாம். கொழும்புப் பேராசிரியர் கதிரையை விட்டு எழுந்து நின்றாராம். பர்ஹானா இப்போது கலாநிதி பர்ஹானா. லூக்காஸ் நலமாக இருக்கிறார். அந்த நோன்பு முடியும்வரை மாமி ஹாஜியாருக்குக் கஞ்சி அனுப்பவில்லை. பெருநாளன்று இனிப்புக்கு வட்டிலப்பம் அனுப்பினார், பல்லி இல்லை என்று சொல்லி. ஃபாஸிலிடம் காவலுக்கு இன்னும் போத்தல்கள் வருகின்றன. அவனும் காக்கிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.