ஒட்டடைக்கு நாலு வரி

"இந்தத் தடவையும் கோடு போட்டா ஒட்டடை கட்டத்துக்குள்ள போயிடுவான்."

செயலாளர் கம்ப்யூட்டர் முன்னாடி தலையில கை வச்சு உக்காந்திருந்தார். மனைவி துணி மடிச்சிக்கிட்டே திரும்பிப் பார்த்தாங்க.

"யாரு, எந்தக் கட்டம்? புரியிற மாதிரி சொல்லுங்க."

செயலாளர்னா பெரிய பதவி எல்லாம் இல்ல. கூட இன்ஜினியரிங் படிச்ச அறுபத்திரண்டு பேருக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அச்சடிச்ச செய்தி மடல் தபால்ல அனுப்புறவர், அவ்வளவுதான். ரோல் நம்பர் வரிசையில பேர் இருக்கும், பக்கத்துல அவங்கவங்க சேதி. யாருக்குப் பேத்தி பொறந்தா, யாருக்குக் கண் ஆபரேஷன், யாரு மகன் வீட்டுக்கு ஆறு மாசம்னு போயிட்டு ரெண்டே வாரத்துல மூட்டையைக் கட்டிக்கிட்டுத் திரும்பினாங்க, எல்லாம் வரும். ஆளுக்கு நாலு வரி. சேதி அனுப்பாதவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு கோடு.

தொடர்ந்து மூணு கோடு விழுந்தா, பேரைத் தூக்கிக் கடைசிப் பக்கத்துல ஒரு கட்டத்துக்குள்ள போட்டுடணும். அதுக்குத் தலைப்பு 'தொடர்பில் இல்லாதவர்கள்'. அதுக்குக் கீழ இருக்கிற கட்டத்துக்குத் தலைப்பு 'மறைந்தவர்கள்'. ரெண்டுக்கும் நடுவுல அரை அங்குலம் தான் இடம். மேல் கட்டத்துக்குள்ள போன ஏழு பேர்ல ஒருத்தர் கூடத் திரும்பி வந்ததில்ல. அஞ்சு பேர் கீழ் கட்டத்துக்கு இறங்கிட்டாங்க.

இந்த விதியைப் போட்டதே செயலாளர் தான்.

ஒட்டடைங்கிறவன் ஹாஸ்டல்ல அவரோட ஒரே ரூம். ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையா, ஒல்லியா இருப்பான், அதான் பேர். ரெண்டு கோடு ஏற்கெனவே விழுந்தாச்சு. அவனோட பழைய நம்பர் ஆபீஸ் கொடுத்தது, ஓய்வோட போயிடுச்சு. ரெண்டு கடிதம் போட்டும் பதில் இல்ல.

"கோவமா இருக்காரோ?"ன்னு மனைவி கேட்டாங்க.

செயலாளருக்குக் காரணம் தெரியும். போன வருஷம் எழுபத்தோரு வயசுல ஒட்டடை வேலையை விட்டப்போ, நாற்பத்தெட்டு வருஷம் பாலம் கட்டின கதையை மூணு பக்கம் கையால எழுதி அனுப்பியிருந்தான். வெள்ளத்துல ராத்திரி பகலா நின்னது, தூண் சாய்ஞ்சது, மேஸ்திரி அழுதது எல்லாம் அதுல இருந்துச்சு. செயலாளர் அதை வெட்டி வெட்டி இப்படிப் போட்டார்: 'பணி ஓய்வு பெற்றார். நலம்.'

அதே இதழ்ல மைக்கோட முழங்கால் ஆபரேஷனுக்கு எட்டு வரி. மைக்குங்கிறவன் இன்னொரு கூட்டாளி. அவன் பேசினா மைக் தேவையில்ல, அதான் பேர். அவன் சேதியை வெட்டினா போன்ல கத்துவான். ஒட்டடை கத்த மாட்டான். அதனால அவனை வெட்டியாச்சு.

"உங்களால வாயடைச்சுப் போன மனுஷனை நீங்களே கட்டத்துல போடுவீங்களா?"ன்னாங்க மனைவி.

அந்தக் கேள்வி சுருக்குனு குத்துச்சு. அன்னைக்கு மத்தியானம் செயலாளர் கோடு போட வேண்டிய இடத்துல நாலு வரி எழுதினார். ஒட்டடை மொட்டை மாடியில தக்காளி வளர்க்கிறான், இருபது தொட்டி, கூடை கூடையாக் காய்க்குது, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுக்கிறான். யாருக்கு என்ன நஷ்டம்? ஆள் கட்டத்துக்குத் தப்பிச்சான்.

மடல் போன ரெண்டாம் நாள் மைக் போன் பண்ணினான்.

"டேய், நம்ம ஒட்டடையா? கற்பூரவள்ளியைக் கூட காய வச்சுக் கொன்னவனாச்சே! அட்ரஸ் உன்கிட்ட தானே இருக்கு, குடு. நான் போய்ப் பார்க்கணும்."

"இப்ப வேணாம்டா. அவன் கொஞ்சம்... பிஸி."

"தக்காளிக்கு என்னடா பிஸி?"

அதோட விட்டுச்சா? நாலு பேர் விதை கேட்டாங்க. ஒருத்தர் தன் வீட்டுத் தக்காளிச் செடியில இலை ஏன் மஞ்சளாகுதுன்னு போட்டோவோட கேட்டு, ஒட்டடைகிட்ட விசாரிச்சுச் சொல்லச் சொன்னார். செயலாளர் நர்சரிக்கு நடந்து போய், செடி விக்கிறவர்கிட்ட கேட்டு, 'ஒட்டடை சொன்னது'ன்னு எழுதி அனுப்பினார். இலை பச்சையாயிடுச்சு. ஒட்டடைக்கு நன்றி வந்து குவிஞ்சுது.

இப்படியே போனா எவனாவது வீட்டுக்கே போயிடுவான்னு பயந்து, அடுத்த மடல்ல ஆளை வீட்டை விட்டுக் கிளப்பினார். 'தக்காளியுடன் வயலினும் கற்கிறார். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. வீட்டில் இருப்பதே அரிது.'

"வயலினா?"ன்னு மனைவி நெத்தியில அடிச்சிக்கிட்டாங்க. "ஒரு நடைப்பயிற்சின்னு போட்டிருக்கக் கூடாதா?"

"நடந்தா யார் வேணா கூட நடக்கலாம். வயலின் வகுப்புல போய் யார் உக்காருவா?"

கணக்கு சரிதான். ஆனா மைக்கை மறந்துட்டார். அந்த வருஷம் படிச்சு முடிச்ச அம்பதாவது வருஷ விழா. ஏற்பாடு எல்லாம் மைக் கையில.

"முடிவு பண்ணிட்டேன்டா!"ன்னு போன்ல ஒரே சத்தம். செயலாளர் போனைக் காதுல இருந்து ஒரு அடி தள்ளிப் பிடிச்சார். "விழாவுல முதல் நிகழ்ச்சி ஒட்டடை வயலின். அழைப்பிதழ்ல அடிச்சாச்சு!"

"என்னைக் கேக்காம ஏன்டா அடிச்சே?"

"நீ என்ன அவனுக்கு மாமனாரா?"

செயலாளருக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. விழா அன்னைக்கு ஒட்டடை வேற எங்கயாவது இருந்தாகணும். மூணாவது மடல்ல இப்படி எழுதினார்: 'நீச்சலும் கற்றுவருகிறார். விழா நாளன்றே அவர் ஊர்க் குளத்தில் மூத்தோர் நீச்சல் போட்டி. ஆகவே வர இயலாமைக்கு வருந்துகிறார்.'

மடலைத் தபால்ல சேர்த்துட்டு ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கினார். எட்டாம் நாள் எழுந்து பார்த்தா, கூடப் படிச்சவங்க வாட்ஸ்அப் குரூப்ல நூத்திப் பத்து மெசேஜ்.

ஒட்டடை வரலைன்னா என்ன, நாம போவோம்னு முடிவாயிடுச்சு. ஒரு பெரிய பஸ், நாற்பது பேர், கரையில நின்னு கைதட்டும்போது வெயிலுக்கு ஆளுக்கு ஒரு தொப்பி. எழுபத்திரண்டு வயசுல நீந்துறவனைப் பார்த்துட்டு, அங்கயே மதியச் சாப்பாடு, அங்கயே விழா. 'ஒட்டடையே, உன்னைப் பார்த்து நானும் மாடிப்படி ஏற ஆரம்பிச்சிட்டேன்'னு ஒருத்தர். ரெண்டு வருஷமா யார்கூடயும் பேசாம இருந்த இன்னொருத்தர், 'நானும் பஸ்ல வரேன், ஜன்னல் ஓரம் வேணும்'னு.

செயலாளருக்கு அழுகையே வந்துடுச்சு. இத்தனை பேரை எழுப்பி உக்கார வச்ச ஆள் இருக்கானா இல்லையான்னே அவருக்குத் தெரியாதே!

"நேர்ல போங்க"ன்னாங்க மனைவி. "முதல்ல அவர் கால்ல விழுங்க. அப்புறம் இவங்க எல்லார் கால்லயும் விழுங்க. முழங்கால் தாங்குற வரைக்கும்."

மறுநாள் ரயில் ஏறினார். அஞ்சு மணி நேரம். வழி முழுக்க மனசுக்குள்ள மன்னிப்பு எழுதினார், வெட்டினார், திருப்பி எழுதினார். நாலு வரிக்குள்ள அடங்கவே இல்ல.

ஒட்டடையோட மனைவி கதவைத் திறந்தாங்க. கல்யாணத்தன்னைக்கு மேடையில பார்த்த முகம்.

"வாங்கண்ணா. உள்ள வாங்க. தண்ணி கொண்டு வரேன்."

ஹால்ல ஜன்னலோரமா ஒரு சாய்வு நாற்காலி. உக்காந்து உக்காந்து நடுவுல பள்ளம் விழுந்திருந்துச்சு. ஆனா கைப்பிடியில தூசி. யாரும் அதுல உக்காந்து ரொம்ப நாளாச்சுன்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. பக்கத்துல ஸ்டூல்ல ஒரு மூக்குக் கண்ணாடி, மடிச்சு வச்சபடி.

செயலாளர் வாங்கின தண்ணியைக் குடிக்காமலே ஆரம்பிச்சிட்டார். மூணு பக்கத்தை வெட்டினதைச் சொன்னார். முழங்காலுக்கு எட்டு வரி போட்டதைச் சொன்னார். தக்காளி, வயலின், நீச்சல், பஸ், தொப்பி, ஒண்ணு விடாமச் சொன்னார்.

"அவனைக் கட்டத்துல போட மனசு வரலம்மா. அதனால தான் அவன் பேர்ல பொய்யா எழுதினேன். கடைசியில... அவன் கதையை அவன் சொன்னப்போ கேக்காம விட்டுட்டேன்."

அந்தம்மா உள்ள போய் மூணு செய்தி மடலை எடுத்துட்டு வந்து அவர் முன்னாடி வச்சாங்க. ஒட்டடை பேர் வர்ற இடத்துல எல்லாம் சிவப்பு மையில அடிக்கோடு.

"ரொம்பக் கோவப்பட்டானா?"ன்னு செயலாளர் மெதுவாக் கேட்டார்.

"கோவமா? ஓய்வானதுல இருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர், 'என் ரூம்காரன் ஊருக்கெல்லாம் எழுதிட்டான், அவனைப் பொய்யன் ஆக்க முடியுமா'ன்னு இருபது தொட்டி வாங்கினார், வயலின் வாங்கினார், இப்ப குளத்துல தான் இருக்கார். நீங்க வெட்டுறதுல பெரிய ஆளாமேண்ணா, அடுத்த மடல்ல மலை கிலை ஏற விடாம இவரைக் கொஞ்சம் வெட்டி எழுதுங்க!"