பூட்ஸுக்குள் ஒளித்த ஆப்பிள்

இந்தக் குளிர்காலம் முடிவதற்குள், கடித்தால் 'கறுக்'கென்று சத்தம் வருகிற ஆப்பிள் ஒன்றையாவது தின்றே தீருவது என்று சபதம் எடுத்தேன். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த சபதம். அதனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. பக்கத்திலேயே என் மனைவி சுமியே நின்றுகொண்டிருந்தாள்.

நான் இருப்பது ஜப்பானின் வடகோடியில், ஹிரோசாகியில். கிழக்கே பார்த்தாலும் ஆப்பிள் மரம், மேற்கே பார்த்தாலும் ஆப்பிள் மரம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நல்ல ஆப்பிளுக்கு ஏங்குகிறேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. இங்கே யாரும் ஆப்பிளை விலைக்கு வாங்குவதில்லை. அது தானாக வரும். அண்ணன் வீட்டிலிருந்து வரும், அத்தை வீட்டிலிருந்து வரும், யார் என்றே தெரியாத ஒருவர் வாசலில் வைத்துவிட்டுப் போவார். ஒருவன் கடையில் ஆப்பிள் வாங்கினால், கொடுப்பதற்கு நாதியில்லாதவன் என்று அர்த்தம். எங்கள் தெருவில் கசாய் என்று ஒருவர், ஒரு தடவை ஆசைக்கு நாலு வாங்கியதை யாரோ பார்த்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தெருவே பரிதாபப்பட்டு அவர் வீட்டு வாசலில் பெட்டிகளை அடுக்கிவிட்டது. பாவம், அவர் ஜன்னல் வழியாக வெளியே வந்தார்.

எங்களுக்கு ஆப்பிள் வருவது சுமியேயின் அண்ணன் கென்சோவிடமிருந்து. மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கிறார். பனி விழ ஆரம்பித்ததும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குவார். "மாப்பிள்ளை, உங்களுக்குன்னே தனியா எடுத்து வச்சது" என்பார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். தங்கமான மனிதர். ஆனால் ஆப்பிள் மாவு. பல் பட்டதும் பொலபொலவென்று உதிரும். வேகவைத்த உருளைக்கிழங்கில் சர்க்கரை போட்டது போல இருக்கும். சுமியேயோ, "எனக்கு வயிறு சரியில்லைங்க, நீங்க சாப்பிடுங்க" என்று தட்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். பதினைந்து வருஷமாக அவளுக்கு வயிறு சரியில்லை.

கென்சோவிடம் சொல்லலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? பெண் பார்க்கப் போன அன்றே அவர் வீட்டில் எனக்கு ஆப்பிள் கொடுத்தார்கள். அதுவும் மாவுதான். கொடுத்ததைப் புகழாமல் எழுந்திருக்கிற மனிதன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. குனிந்து வணங்கி, "எவ்வளவு மிருது, வாயில் வைத்தால் கரைகிறது" என்றேன். அப்படிச் சொன்ன வாயால் இப்போது என்ன சொல்ல முடியும்?

ஆகவே திருட்டு வழிதான். ஒரு சனிக்கிழமை, தலைமுடி வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, சின்ன ரயிலில் ஏறிப் பக்கத்து ஊரான குரோய்ஷியில் போய் இறங்கினேன். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, மூக்கு வரைக்கும் துணி கட்டியிருந்தேன். அந்தக் கோலத்தில் போனால் வங்கியில் உள்ளேயே விட மாட்டார்கள். பழக்கடை அம்மாள் மட்டும் பயப்படவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்தேன். கையில் கனக்கிறதா, அடிப்பக்கம் பச்சை போய் மஞ்சள் ஏறியிருக்கிறதா, காம்பைச் சுற்றி லேசாக வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்தேன். வெடிப்பு விட்டதுதான் இனிக்கும். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். பார்த்துப் பார்த்துக் கீழே வைத்ததில் அந்த அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆப்பிள் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

"நான் வெளியூரும்மா. சென்டாய்."

"சென்டாயா? எங்க ஊர்ப் பேச்சை இவ்வளவு சுத்தமாப் பேசுறீங்களே."

நான் மூக்குத் துணியை இன்னும் மேலே இழுத்துவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகம் இளகிவிட்டது. "கொடுக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லையா தம்பி?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, பையில் இரண்டு பழம் சும்மா போட்டாள். எனக்கு மானம் போனது. ஆனால் ஆப்பிளை விட்டுவிட்டு வரவில்லை.

திரும்பி வரும் ரயிலில் ஒன்றைக் கடித்தேன். கறுக். எதிர் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துவிட்டார். சாறு முழங்கை வரை ஓடியது. இனிப்பு, அதற்கடியில் கொஞ்சம் புளிப்பு, பல்லெல்லாம் ஜில்லென்று ஆயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் என்ன வாழ்க்கை வாழ்ந்தேன் என்று தோன்றியது.

மிச்சத்தை எங்கே ஒளிப்பது? சமையலறை அவள் ராஜ்யம், அலமாரியும் அப்படியே. வாசல் நடையில் என் கறுப்பு ரப்பர் பூட்ஸ் இருந்தது. முழங்கால் உயரம். காலுக்கு மூன்றாக உள்ளே இறக்கி, மேலே சாக்ஸைச் சுருட்டி அடைத்தேன். குளிரில் பழம் கெடாது, அடுத்தவர் பூட்ஸுக்குள் யாரும் மூக்கை நுழைக்கவும் மாட்டார்கள். இப்படி ஒரு மூளையா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். தலைமுடி வெட்டிக்கொள்ளாததுதான் ஒரு குறை. சுமியே அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் கென்சோ வந்தார். கையில் இன்னொரு பெட்டி. தேநீர் குடித்தார், கூரையில் பனி ஏறிவிட்டதைப் பற்றிப் புலம்பினார், கிளம்பினார். நடையில் உட்கார்ந்து பூட்ஸ் போடப் போனார். அவருடையதும் கறுப்பு ரப்பர்தான். இந்த ஊரில் எல்லார் பூட்ஸும் கறுப்பு ரப்பர்தான். அவர் கை என்னுடையதைப் பிடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் காலை விட்டுவிட்டார்.

"உள்ளே என்னவோ இருக்கே மாப்பிள்ளை."

கையை விட்டுத் துழாவி ஆப்பிளை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மரம் வளர்க்கிறவருக்குப் பெற்ற பிள்ளையைத் தெரியாதா?

"இது நம்ம தோட்டத்துப் பழம் இல்லையே."

நான் கடையில் வாங்கினேன் என்று தெரிந்தால் அந்த மனிதர் என்ன ஆவார்? பதினைந்து வருஷம் ஆசை ஆசையாகச் சுமந்து வந்தவர். அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்க மாட்டார், சுமியேயும் என்னை மன்னிக்க மாட்டாள். பொய் சொல்லலாம் என்றால் ஒரு பொய்கூட நாக்கில் வரவில்லை.

சுமியேதான் பேசினாள்.

"அதுவா அண்ணே, இவருக்கு ஆபீஸ்ல யாரோ குடுத்திருக்காங்க. கல்லு மாதிரி இருக்கு. இவரால கடிக்க முடியுமா? வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. உங்க கண்ணுல பட்டா மனசு வருத்தப்படுவீங்களேன்னு பூட்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காரு."

கென்சோ என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பழத்தைச் சட்டையில் துடைத்து ஒரு கடி கடித்தார். கறுக். என் பல் கூசியது, பொறாமையில்.

"நல்ல பழம்தான். ஆனா உங்களுக்கு ஒத்துக்காது. கொண்டாங்க, இந்தக் கஷ்டம் உங்களுக்கு எதுக்கு?" என்று பூட்ஸ் இரண்டையும் கவிழ்த்து, அத்தனை பழத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டார். "மாவுப் பழம் பிடிச்ச ஒரே ஆளு நீங்கதான் மாப்பிள்ளை. மத்தவங்களுக்குக் கறுக்குனு இருக்கணும். உங்களுக்காக ஒரு மரத்தை முத்தவிட்டு, பறிச்சு, அடுப்புப் பக்கத்துல வச்சுப் பதமாக்குறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுது. உங்களுக்காக எதுவும் செய்யலாம்."

நான் குனிந்து வணங்கினேன். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்திருந்தது. மச்சானும் நிலைத்தார், மானமும் நிலைத்தது. ஆப்பிள் போனால் போகட்டும் என்று தோன்றியது. அந்த நிமிஷம் சுமியேயைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"நடை பூரா மணக்குது. மாவுப் பழம் இப்படி மணக்குமா?"

"அப்போ எனக்கு மாவு பிடிக்காதுன்னும் தெரியுமா?"

"பெண் பார்க்க வந்த அன்னிக்கே தெரியும். நீங்க முழுங்கின அழகை நான் கதவுக்குப் பின்னாலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"பின்னே இத்தனை வருஷமா அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"நல்லா இருக்கே. நீங்க சொன்னது பொய்னு எங்க வீட்டுல போய் நான் சொல்லணுமா? கட்டின புருஷனை யாராவது காட்டிக் குடுப்பாங்களா?"

எனக்கு மெல்ல ஒன்று உறைத்தது. வியாழக்கிழமைதோறும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள்.

"அங்கே உனக்கு என்ன ஆப்பிள் குடுப்பாங்க?"

"அண்ணி நறுக்கி வைப்பாங்க. கறுக்குனுதான் இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "அதான் வீட்டுக்கு வந்தா வயித்துல இடம் இருக்கிறதில்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. காப்பாற்றியவளிடம் எப்படிக் கோபப்படுவது? அவளே ஒரு வழியும் சொன்னாள். வரும் வியாழக்கிழமை நானும் கூடவே போக வேண்டியது. மச்சான் வீட்டுக் கூரையில் ஏறிப் பனியைத் தள்ள வேண்டியது. கூலியாக, யாருக்கும் தெரியாமல், கொல்லைப்புறத்தில் ஒரு நல்ல ஆப்பிள் கிடைக்கும். நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

தள்ளினேன். இடுப்பு விட்டுப்போகிற வரைக்கும் தள்ளினேன். ஏணி வழியாக இறங்கி வந்தால், சொன்னபடி சுமியே கொல்லைப்புறத்தில் நின்றிருந்தாள். கையில் ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. சிவப்பாக, அடியில் மஞ்சளாக, காம்புப் பக்கம் வெடிப்போடு. வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோனேன்.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க!"

கென்சோ ஓடிவந்தார். "ஏம்மா, கூரை ஏறிக் களைச்சு வந்தவர் கையில இந்தக் கல்லைக் குடுக்கிறியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?" என்று தங்கையைக் கடிந்துகொண்டார். என் கையிலிருந்து ஆப்பிளைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார். சரசரவென்று துருவுகிற சத்தம் கேட்டது. காய்ச்சல்காரக் குழந்தைக்குத் தருவது போல, கிண்ணத்தில் போட்டுக் கரண்டியோடு கொண்டுவந்து நீட்டினார்.

பக்கத்தில் 'கறுக்'கென்று சத்தம் கேட்டது. சுமியே தன்னுடையதைக் கடித்திருந்தாள்.

நான் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். குனிந்து வணங்கினேன்.

"எவ்வளவு மிருது மச்சான்" என்றேன். "வாயில வச்சா கரையுது."