மாப்பிள்ளையின் என்ஜினுக்கு ஒரு கரண்டி அதிகம்

மயிலாப்பூர், மெட்ராஸ்-4
24-11-1993

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு, சுந்தரராமன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஜானகியும் தங்கள் ஆசீர்வாதத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நாக்பூரில் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் அவ்வண்ணமே இருக்கக் கற்பகாம்பாள் கிருபை செய்வாளாக. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். விடியற்காலையில் தலைக்கு ஜலம் விட்டுக்கொள்ள வேண்டாம் என்று தம்பி சொன்னதாக அக்காவிடம் சொல்லவும். நிற்க.

நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நம் பெண் மஹதிக்குத் தாங்கள் பார்த்து முடித்த வரன் சாய்நாத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பையன் பரம சாது, கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராயிங் போடுகிறான், வெற்றிலை பாக்குகூடக் கிடையாது என்று தாங்கள் சொன்னீர்கள். அத்தனையும் சத்தியம். ஆனால் அந்தப் பரம சாது ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் ஏறி மண்மேட்டிலிருந்து ஆகாயத்தில் தாவுகிறார் என்கிற விஷயத்தைத் தாங்கள் சொல்லவில்லை. தெரிந்து சொல்லவில்லையா தெரியாமல் சொல்லவில்லையா என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் தெரியாது என்பீர்கள். தாங்கள் அவருக்கு ஒரு கடிதம் எழுதி இந்த ரேஸை விடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுகோள். தாங்கள் சொன்னால் தட்டமாட்டார். ஏன் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

தலை தீபாவளிக்கு இரண்டு பேரும் அடையாறிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மஹதி கையில் பெட்டி. மாப்பிள்ளை மடியில் ஒரு சாக்கு மூட்டை, அதை அவர் பச்சைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். சேனைக்கிழங்கு என்றுதான் நான் நினைத்தேன். ஜானகி, "தலை தீபாவளிக்கு வர மாப்பிள்ளை யாராவது கறிகாய் தூக்கிண்டு வருவாளோ" என்று சொல்லிக்கொண்டே மூட்டையை வாங்கினாள், வாங்கின வேகத்தில் அப்படியே கீழே குனிந்துவிட்டாள், அவ்வளவு கனம். போட்டிருந்த கோலத்தில் கறுப்பாக எண்ணெய் சொட்டியது. பார்த்தால் உள்ளே என்ஜின். "தப்பா நெனச்சுக்காதீங்கோ மாமா. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ரேஸ். அதுக்குள்ள இதப் பிரிச்சு இறக்கியாகணும். அடையார்ல வீட்டுக்காரர் என்ஜின் கண்ணுல படக்கூடாதுங்கறார்" என்றார். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஊரில் மோதிரம் கேட்கிறார்கள், ஸ்கூட்டர் கேட்கிறார்கள். இவர் பழைய பேப்பரும், ஒரு டம்ளர் மண்ணெண்ணெயும், கூடத்தில் ஒரு மூலையும் கேட்டார். எந்த முகத்தோடு இல்லை என்று சொல்வது?

அத்திம்பேரே, என் ஸ்கூட்டரைத் தங்களுக்குத் தெரியும். மஹதி பிறந்த வருஷம் வாங்கியது. இன்றுவரை ஒருத்தன் அதன் என்ஜினைத் திறந்ததில்லை. அந்த கர்வத்தில் மாப்பிள்ளையைக் கேட்டேன், இதை எத்தனை ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை இறக்க வேண்டும் என்று. அவர் சிரிக்காமல் சொன்னார், "மைல் கணக்கு கிடையாது மாமா, மணிக் கணக்குதான். நாலஞ்சு ரேஸுக்கு ஒரு தடவை ரிங்கை மாத்தணும். சீசனுக்கு ஒரு பிஸ்டன். அதுவும் மண்ணு உள்ள போகாம இருந்தா. மண்ணு போயிடுத்துன்னா ஒரே நாள்ல கதை முடிஞ்சுடும்." ஜானகி வருஷத்துக்கு ஒரு துடைப்பம் வாங்குகிறாள், அதுகூட இதைவிட உழைக்கிறது. இதை ஒரு என்ஜின் என்று விற்கிறான், நீங்கள் வாங்கியிருக்கிறீர்களே என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பிஸ்டனை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கார் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்குமாம், நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளுமாம். இது டூ ஸ்ட்ரோக், சுற்றுக்குச் சுற்று வெடிக்கும், ஓய்வு ஒழிச்சல் கிடையாது. வயிற்றில் தனியாக எண்ணெயும் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வருகிற எண்ணெய்தான் போகிற போக்கில் பிஸ்டனைத் தடவிக் கொடுத்துவிட்டுத் தானும் எரிந்து போகிறது. இத்தனை சின்ன உடம்பில் அத்தனை பலம் வருவதற்கு அதுதான் விலை என்றார். நான் சர்க்கார் ஆபீசில் இருந்தவன். ஒரு ஃபைலைப் பார்த்தால் இரண்டு காபிக்கு மூச்சு வாங்கிக்கொள்வது என் வழக்கம், அதனால்தான் நான் இன்னும் திறக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வெட்கமாகக்கூட இருந்தது.

அப்புறம் எனக்குத் தீபாவளி எங்கே போயிற்று என்று தெரியாது. கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்டு வந்தவர்களையெல்லாம் கூடத்து மூலைக்கு அழைத்துப்போய் பிஸ்டனைக் காட்டினேன். மாப்பிள்ளையுடைய விரல்கள் இருக்கிறதே, பிஸ்டன் ரிங்கைத் திறந்து போடும்போது நம் அக்கா ஜாதிமல்லி தொடுப்பாளே, அந்த நிதானம். ஜானகியாவது திட்டுவாள் என்று பார்த்தால், பாத்திரம் தேய்க்கிற பஞ்சு என்று நினைத்து ஏர் ஃபில்டரின் நுரைப்பஞ்சை சோப்புப் போட்டு அலசிக் கொடியில் உலர்த்திவிட்டாள். நான் பதறிப் போனேன். மாப்பிள்ளை, "மாமி, இத இவ்வளவு சுத்தமா நான்கூட அலம்பினதில்ல" என்றார், அதிலிருந்து அவளும் அந்தக் கட்சி. புது பிஸ்டன் போட்டதும் வண்டியை முறுக்கக் கூடாது, கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் ஓட்ட வேண்டும் என்று அவர் விளக்கும்போது, "பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம்னு சொல்லுங்கோ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். எனக்கு அது புரிய அரை நாள் ஆகியிருந்தது.

சிலிண்டரைக் கடைந்து கொடுத்தது ராயப்பேட்டை நூர் முஹம்மது. தெருமுனைவரை கேட்கிற குரல், தன்னைவிட்டால் மெட்ராஸில் மெக்கானிக் கிடையாது என்று அவரே சொல்லிவிடுவார், நாம் சிரமப்பட வேண்டாம். போன தடவை ஏன் என்ஜின் போயிற்று என்று அவரைக் கேட்டேன். "எண்ணெ பத்தல சார். அதான் பிஸ்டன் புட்ச்சிகிச்சு. எண்ணெ கொறஞ்சா இன்ஜின் காலி, அவ்ளோதான்" என்றார். இந்த வார்த்தை என் மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. நம் வீட்டு மாப்பிள்ளையின் வண்டிக்கு எண்ணெய் குறையலாமா?

ரேஸ் ஆதம்பாக்கம் தாண்டி ஒரு பொட்டலில். முதல் நாள் பெய்த மழையில் அது பொட்டலாகவும் இல்லை, ஏரியாகவும் இல்லை. காலையில் மாப்பிள்ளை ஒரு வெள்ளை கேனில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, எண்ணெய் டப்பாவை என்னிடம் கொடுத்து ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். "போதும் மாமா" என்றார். இந்த இடத்தில் தாங்கள்தான் எனக்கு நியாயம் சொல்ல வேண்டும். தாங்களே எத்தனை தடவை நம் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள், போதும் போதும் என்று இலைக்குக் குறுக்கே படுக்காத குறையாகக் கையை நீட்டிய பிறகும் ஜானகி ஒரு கரண்டி நெய்யாவது விடாமல் போயிருக்கிறாளா? மாப்பிள்ளை போதும் என்றதும் நிறுத்துவதற்கு இது மாமனார் வீடா, ஹோட்டலா? அவர் பூட்ஸ் கட்டக் குனிந்தார், நான் இன்னும் கொஞ்சம் விட்டேன். மறுகால் பூட்ஸுக்குக் குனிந்தார், இன்னும் கொஞ்சம் விட்டேன். மனசு நிறைந்தது.

கொடி விழுந்ததும் நான் கண்ட காட்சியை எழுத எனக்குத் தமிழ் போதாது. நம் சாய்நாத், கூடத்தில் சப்பணம் போட்டு ரசம் சாதம் சாப்பிடுகிற சாய்நாத், மண்மேட்டில் ஏறி வண்டியோடு ஆகாயத்தில் போனார். போனவர் அங்கேயே சற்று நின்றார் என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது. எல்லாருக்கும் முன்னால் அவர். மஹதி சுற்றுக்கு நேரம் பார்க்கிற கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, பெற்ற அப்பன் பக்கத்தில் நிற்கிறேன் என்கிற நினைப்பே இல்லாமல், "விடாதே சாய், முறுக்கு" என்று கத்துகிறாள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று நான் திரும்பினால், நானும் அதையேதான் கத்திக்கொண்டிருக்கிறேன். அப்போது வண்டியின் பின்னாலிருந்து புகை. கொசு மருந்து அடிக்கிற வண்டி தோற்றது. பட் பட் என்று இருமி, எங்கள் முன்னாலேயே நின்றது. நூர் முஹம்மது ஓடிவந்து பிளக்கைக் கழற்றினால் அது எண்ணெயில் நனைந்து வழிகிறது. "இன்னா நைனா, பெட்ரோல்ல எண்ணெ ஊத்துனியா, எண்ணெல பெட்ரோல் ஊத்துனியா?" என்று கத்தினார். எண்ணெய் அதிகமானாலும் ஆபத்து என்று அந்த மனுஷர் அன்றைக்குக் கடையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என் கை அப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு. "கலந்தது நான்தான் பாய். என் கணக்குதான் தப்பு" என்றார். அவருக்குத் தெரியும், அத்திம்பேரே. அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். டேங்கைக் கவிழ்த்துவிட்டு, யாரிடமோ பெட்ரோல் வாங்கி ஊற்றி, வேறு பிளக் போட்டு, மறுபடி சேற்றில் இறங்கினார். மற்றவர்களெல்லாம் முடித்து டீ குடிக்கப் போன பிறகு கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். நான் கை தட்டினேன். இவ்வளவு பெரிய மனசை எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்துக் கொடுத்ததற்குத் தங்கள் காலில் விழ வேண்டும்.

ஆனாலும் வேண்டுகோளை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து கண்ணை மூடினால் அவர் ஆகாயத்தில்தான் நிற்கிறார், இறங்க மாட்டேன் என்கிறார். அந்தரத்தில் தொங்குவது அவர் மட்டுமா, மஹதியின் மாங்கல்யமும்தானே. என்ஜின் போனால் இறக்கி ஏற்றலாம், மனுஷனுக்கு அது நடக்குமா? பொங்கலுக்கு அப்புறம் அடுத்த ரேஸாம். அதற்கு முன் தாங்கள் கண்டிப்பாக எழுதி, அன்பாகவோ அதட்டியோ, இதை நிறுத்திவிட வேண்டும். எனக்குச் சொல்லத் தைரியமில்லை, எந்த வாயால் சொல்வேன்.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் முழங்காலுக்கு ஜானகி தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள், வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
சுந்தரராமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளையும் மஹதியும் வந்தார்கள். "நீங்க தூங்கறதே இல்லன்னு மஹதி சொன்னா மாமா. ரேஸை விட்டுட்டேன். வண்டியை வித்துடப் போறேன்" என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கேட்டதெல்லாம் தாங்கள் பேனாவை எடுக்கும் முன்பே கிடைத்துவிட்டது. நல்லது மாப்பிள்ளை என்றேன். மஹதி அந்த ரேஸ் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜானகி, "திருப்திதானேன்னா" என்று ஒரு கேள்வி கேட்டாள், அதற்கப்புறம் மோர்கூட இறங்கவில்லை. ஆகையால் மேலே கண்டதையெல்லாம் மறந்துவிட்டு, ரேஸை விட்டால் தங்கள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று அவருக்கு உடனே கடுமையாக எழுதவும். என் பெயர் வர வேண்டாம். சாயங்காலம் நம் வாசலில் நிற்கிற அந்த வண்டியை விலைக்குப் பார்க்க ஒருவர் வந்தார். மாப்பிள்ளை உள்ளே இருந்தார், வந்தவர் என்ஜின் எத்தனை வருஷம் தாங்கும் என்று என்னைக் கேட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னேன், கொண்டுவந்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். நாளைக்கு இன்னும் இரண்டு பேர் வருகிறார்களாம். நான் ஒருவன் எத்தனை பேரைத்தான் விரட்டுவேன், தபாலுக்குக் காத்திராமல் தந்தி கொடுக்கவும்.