செடிக்கு ஊத்தின மசாலா மோர்

மூணு வாரம் கறிவேப்பிலைச் செடிய பாத்துக்கணும். எனக்குக் குடுத்த வேலை அவ்வளவுதாங்க.

தங்கச்சிக்குப் பிரசவம்னு என் மனைவி கவிதா கோயமுத்தூர் கிளம்பிட்டாங்க. புனேயில பாணேர் வீட்டுல நானும் செடியும் மட்டும்.

போனா போகுதுன்னு விடற செடி இல்ல இது. முன்னாடி வெச்ச மூணும் புனே குளிர்ல கருகிப் போச்சு. இது நாலாவது. மூணு வருஷமா கவிதா பொத்திப் பொத்தி வளத்து, இப்பத்தான் என் இடுப்பு உசரம் வந்திருக்கு. என்னையக்கூட அப்படிப் பாத்துக்கிட்டதில்ல.

ரயில் நகர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. தினம் ஒரு மக் தண்ணி. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு டம்ளர் புளிச்ச மோர், தண்ணி கலந்து. வேற எதுவும் பண்ண வேண்டாம். அந்தக் கடைசி வரிய ரெண்டு தடவ சொன்னாங்க. எனக்குக் கொஞ்சம் ரோஷம்கூட வந்துச்சு. ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில பதினஞ்சு பேர மேய்க்கிறவன், ஒரு செடிய பாத்துக்க மாட்டேனா!

ஞாயித்துக்கிழமை பாத்தா ஃபிரிட்ஜ்ல தயிர் இல்ல. கீழ டெய்ரிக்குப் போனேன். இங்க மோருக்குப் பேர் தாக். சாதாவா மசாலாவான்னு கேட்டார் கடைக்காரர். ஆசையா வளத்த செடிக்கு சாதாவா குடுக்கறது? மசாலாவே வாங்கினேன். குடிச்சும் பாத்தேன். இஞ்சி, சீரகம், உப்பு எல்லாம் கச்சிதம்.

அரை லிட்டர் பாக்கெட்ட அப்படியே ஊத்தினேன். மண்ணு சர்ருன்னு உறிஞ்சிச்சு. பாவம், எவ்வளவு ஆசையா குடிக்குதுன்னு மனசு எளகிப் போய் திங்கள், செவ்வாயும் ஊத்தினேன்.

புதன் காலையில இலையெல்லாம் தொங்கிப் போச்சு.

பத்தல போலிருக்குன்னு ரெண்டு பாக்கெட்டா ஊத்தினேன்.

வியாழன் சாயங்காலம் காலிங் பெல். கீழ் வீட்டு சிந்து மேடம். மராட்டிக்காரங்க, காலேஜ்ல தாவரவியல் எடுக்கறவங்க. கையில ஒரு பெட்ஷீட். உங்க பால்கனியிலருந்து என்னமோ சொட்டுது, துணியில சீரகம் ஒட்டியிருக்குன்னு ஹிந்தியில சொன்னாங்க, ரொம்ப மரியாதையா. அந்த மரியாதைதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

செடிக்கு மோர் ஊத்தறது எங்க பழக்கம்னு எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில பெருமையா விளக்கினேன். அவங்க நேரா பால்கனிக்குப் போய் மண்ண எடுத்து மோந்து பாத்தாங்க.

"இதுல உப்பு உண்டா?"

"அளவாத்தான் மேடம்."

பதிலுக்குப் பாடம்தான் வந்துச்சு. வேர் உறிஞ்சற தண்ணி தண்டுக்குள்ள இருக்கற மயிரிழை மாதிரி குழாய்ல மேல ஏறுமாம். இலை அத ஆவியா விட்டுக்கிட்டே கீழருந்து இழுத்துக்கிட்டே இருக்குமாம். மண்ணுல இருக்கற சத்தும் அந்தத் தண்ணியோடதான் போகுமாம். மண்ணுல உப்பு ஏறிடுச்சுன்னா வேரால உறிஞ்ச முடியாது, வேர்ல இருக்கறதையும் மண்ணு பிடுங்கிக்கும். மேல இலை கேக்குது, கீழ குடுக்க ஆளில்ல.

"மாங்காயில உப்பு போட்டா தண்ணி விடுமில்ல? அதேதான்."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நாலு நாளா நான் உரம் போடலீங்க. ஊறுகா போட்டிருக்கேன்!

பொழைக்குமான்னு கேட்டேன். தண்ணி விட்டு விட்டு உப்பக் கழுவுங்க, இலைய பாதிக்கு மேல வெட்டிடுங்க, தண்ணிச் செலவு குறையும், அப்புறம் பாக்கலாம்னாங்க. கழுவறத பால்கனியில வெச்சுக்காதீங்கன்னும் சொல்லிட்டுப் போனாங்க.

தொட்டிய பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போறதுக்குள்ள இடுப்பு கழண்டுடுச்சு. ஷவரத் திறந்து விட்டேன். கத்திரிய எடுத்துக் கண்ண மூடிக்கிட்டு வெட்டினேன். செடி மொட்டையா நின்னுச்சு.

மறுநாள் வீட்டுலருந்தே லேப்டாப்ல சேந்த ஆபீஸ் மீட்டிங் நடுவுல, எங்கயோ தண்ணி ஊத்தற சத்தம் கேக்குதேன்னு மேனேஜர் கேட்டார். செடி குளிக்குது சார்னேன். அவர் அதுக்கு மேல கேக்கல.

ராத்திரி கவிதா வீடியோ கால்ல செடிய காமிக்கச் சொன்னாங்க. நெட் சரியில்லன்னு கட் பண்ணிட்டு, போன மாசம் எடுத்த போட்டோவ அனுப்பினேன். எவ்வளவு நல்லா பாத்துக்கறீங்கன்னு பதில் வந்துச்சு. அன்னைக்குச் சாப்பாடு எறங்கல.

தொட்டிய திரும்பப் பால்கனியில வெச்சும் ஒரு வாரம் அசைவே இல்ல. தினம் காலையில பல்லு வெளக்கிக்கிட்டே குச்சி குச்சியா தேடுவேன். வெட்டின பன்னெண்டாவது நாள், ஒரு குச்சியோட இடுக்குல மிளகு அளவுக்குப் பச்ச! பேஸ்ட் வாயோடயே கீழ ஓடிப் போய் மேடம்கிட்ட சொன்னேன். அவங்களும் சிரிச்சுட்டாங்க.

கவிதா வந்தாங்க. பையக்கூட எறக்காம நேரா பால்கனிதான். நான் கதவோரமா நின்னு, எந்த எடத்துலருந்து உண்மைய ஆரம்பிக்கலாம்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

"ஏங்க, கவாத்து பண்ணுனீங்களா?"

"ம்..."

"பாருங்க, ஒவ்வொரு குச்சியிலயும் ரெண்டு ரெண்டா துளிர்! மூணு வருஷமா வெட்ட எனக்கு மனசே வரல. இனிமே செடியெல்லாம் உங்க பொறுப்புங்க."

அடுத்த ஞாயிறே எலுமிச்சை, மல்லி, ரெண்டு ரோஜான்னு நாலு தொட்டி வந்து எறங்கிடுச்சு.

ஒரு வேலையக் கெடுக்கறதுன்னா முழுசா கெடுத்துடணுங்க, அரகொறையா கெடுத்தா அது நம்ம தலையிலதான் விடியும்.